சீல் கால் பணம், கூலி முக்கால் பணம்



காலையில் பெரட்டுக் களத்தில் நிற்கிற மோட்டார் சைக்கிள்களின் முன்சக்கரத்துப் பக்கம் ஒருதரம் குனிந்து பாருங்கள். பளபளவென்று இருக்க வேண்டிய குழாயில் எண்ணெய் வழிந்து, அதன் மேல் செம்மண் அப்பிக் கிடக்கிற வண்டிகளைக் காண்பீர்கள். கேட்டால், "கொஞ்சம் எண்ணெய்தானே கசியுது, அடுத்த சம்பளத்துக்குப் பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த அடுத்த சம்பளம் வருவதே இல்லை. வந்தாலும் மளிகைக் கடைக்காரரும் பள்ளிக்கூடச் செலவும் முந்திக்கொள்கிறார்கள்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு போர்க் கால்களுக்குள்ளும் சுருள்கம்பியும் எண்ணெயும் இருக்கின்றன. வண்டி குழியில் இறங்கினால் சுருள்கம்பி துள்ளும். அந்தத் துள்ளலை அடக்குவது எண்ணெய். அது வெளியேறாமல் குழாயைக் கவ்வியிருப்பதுதான் ஆயில் சீல் என்கிற சின்ன வளையம். நாம் சீவுகிற பால்மரத்து ரப்பரில் அதைச் செய்வதில்லை. எண்ணெய் பட்டால் நம் ரப்பர் உப்பிப் போகும் என்பதால், எண்ணெய்க்குத் தாங்குகிற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள்.

வளையம் மலிவுதான். ஆனால் அதை மாற்ற முன்சக்கரம், பிரேக், மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றி, போர்க் கால்களை உருவி, பழைய எண்ணெயைக் கொட்டி, புது சீலை அடித்து இறக்கி, புது எண்ணெயை அளந்து ஊற்ற வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். பட்டறைக்காரர் கூலி கேட்பதில் தப்பில்லை. எதற்கு எவ்வளவு என்று கேட்காமல் காசை நீட்டுவதுதான் தப்பு.

ஆகவே கழற்றுவதற்கு முன்னாலேயே சீல் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் மறு பக்கம் கசியும்போது இன்னொரு கூலி. குழாயை நகத்தால் தடவிப் பாருங்கள். துருப்பிடித்த பள்ளமோ கீறலோ நகத்தில் தட்டினால், அது புது சீலையும் அறுத்துவிடும். போட்ட காசு வீண். சில சமயம் சீல் கெட்டிருக்காது, அதன் உதட்டில் மண் மாட்டியிருக்கும். "முதல்ல சுத்தம் பண்ணிப் பாருங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரத்துணியால் குழாயைத் துடைத்து வைத்தாலே சீலின் ஆயுசு கூடும்.

தள்ளிப்போட்டால் செலவு மட்டுமா கூடும்? டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் வழிகிற எண்ணெய் பிரேக்கில் பட்டால் பிடிமானம் போச்சு. ஊறிய பிரேக் கட்டையையும் தூக்கிப் போட வேண்டியதுதான். எண்ணெய் குறைந்த முன்சக்கரம் வளைவிலே துள்ளும். பின்னால் உட்கார்ந்திருப்பது யார்? பள்ளிக்கூடம் போகிற நம் பிள்ளை. மலேசியச் சாலைகளில் விபத்தில் மடிகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்தாம். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டுகிற நிலைக்கு விடலாமா?

இத்தனையும் நம் கடமை. ஆனால் சீலைக் கெடுத்தது யார்? செம்பனைக் குலை ஏற்றிய லாரி போட்ட குழியிலேதான் நாம் தினமும் விழுந்து எழுகிறோம். லாரியின் ஸ்பிரிங் உடைந்தால் நிர்வாகம் செலவு செய்கிறது. அதே சாலையில், அதே நிர்வாகத்தின் வேலைக்காக, அரிவாளையும் கம்பையும் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போகிறவனின் வண்டி கெட்டால் அவன் பையில்தான் கை வைக்க வேண்டியிருக்கிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் 6 நாள் வேலை என்றால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. பட்டறைக்காரர் சொல்கிற தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எத்தனை நாள் உழைப்பு சீலுக்குப் போகிறது என்பது விளங்கும். வண்டி பட்டறையில் நிற்கிற நாளில் வேலைக்குப் போக முடியாவிட்டால் அந்த நஷ்டம் வேறு.

சொந்த வண்டியில் வேலைக்காட்டுக்குப் போகிறவர்களுக்குப் படி கொடுக்க வேண்டும். தோட்டச் சாலைக் குழிகளை மழைக்கு முன் மூட வேண்டும். சங்கக் கிளைக் கூட்டத்தில் இந்த இரண்டையும் எழுத்திலே வையுங்கள். வெறும் வாயால் சொன்னால் "பாக்கலாம்" என்பார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் யார் வண்டி, எந்தத் தேதி, எவ்வளவு செலவு என்று குறித்து, பட்டறை ரசீதையும் ஒட்டி வையுங்கள். பத்துக் குடும்பத்து ரசீது ஒன்றாக மேசைக்குப் போனால் அதைத் தள்ளிவிடுவது சுலபமில்லை.

அழுத பிள்ளைக்குத்தான் பால். கணக்கோடு அழுகிற பிள்ளைக்கு அது சீக்கிரம் கிடைக்கும். இன்றைக்கே ரசீது கேட்டு வாங்குங்கள்.