விரல் வைத்ததும் பக்கம் துள்ளுவது ஏன்?

பக்கத்தை விரலால் மேலே தள்ளினால் நகர மறுக்கிறது. பிறகு விட்டு விட்டு நகர்கிறது. படித்துக்கொண்டிருந்த வரி திடீர் என்று மறைந்து விடுகிறது. ஒரு பட்டனை அழுத்தப் போனால், அந்த இடத்தில் விளம்பரம் வந்து நிற்கிறது!

இன்டர்நெட் மெதுவாக இருக்கும் வீடுகளில் இது தினசரிச் சங்கதி.

"போன் கெட்டு விட்டது" என்று பலர் நினைக்கிறார்கள். புது போன் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். பல வேளைகளில் போன் மீது குற்றமே இல்லை.

குற்றம் எங்கே இருக்கிறது? வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கடைசி நாள் ஆபத்து

பக்கம் துள்ளுவது வெறும் தொல்லை மட்டும் அல்ல. அதில் நஷ்டமும் உண்டு.

பரீட்சைக்கு விண்ணப்பம் போட இன்று கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி விட்டாள். "சரி" என்ற பட்டனை நோக்கி விரல் போகிறது. அந்த நொடியில் பக்கத்தின் மேல் பகுதியில் ஒரு படம் வந்து சேருகிறது. அது எல்லாவற்றையும் கீழே தள்ளுகிறது. "சரி"க்கு மேலே இருந்த "ரத்து" என்ற பட்டன், விரலுக்கு அடியில் வந்து விடுகிறது. விரல் பட்டு விட்டது. நிரப்பியது எல்லாம் போச்சு!

ரெயில் டிக்கெட், கியாஸ் பதிவு, கரண்டு பில், பணம் அனுப்புவது எல்லாம் இன்று போனில்தான் நடக்கின்றன. நன்றாகப் படித்தவர்களே இதில் தடுமாறுகிறார்கள். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவர்களின் கதி என்ன? ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அந்த வரி ஓடி விடுகிறதே!

பந்தியில் நடுவே நுழைந்தவர்

இணையப் பக்கம் ஒரே மூட்டையாக வருவது இல்லை. துண்டு துண்டாக வருகிறது.

முதலில் எழுத்துக்கள் வரும். பிறகு எழுத்தின் அளவு, நிறம் பற்றிய கட்டளைகள் வரும். அப்புறம் படங்கள். கடைசியில் விளம்பரங்கள். எல்லாம் வந்து சேரும்வரை "பிரவுசர்" என்னும் உலாவி காத்திருப்பது இல்லை. வந்ததை உடனே காட்டி விடுகிறது. இது நல்லதுதான். இல்லாவிட்டால் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால், பின்னால் வரும் படத்துக்கு இடம் ஒதுக்காமல் விட்டால் வம்பு வருகிறது.

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் உட்கார்ந்து விட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் ஒருவர் நடுவே நுழைகிறார். வரிசை முழுவதும் நகர வேண்டியது இருக்கிறது. ஒருவர் இலைக்கு முன்னால் இன்னொருவர் வந்து விடுகிறார். "இங்கே ஒருவர் வருவார்" என்று முன்பே இலை போட்டு வைத்திருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

வேகமான இணைப்பில் எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் வந்து விடும். நகர்ந்தது தெரியாது. மெதுவான இணைப்பில் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக வருகிறது. ஒவ்வொன்றும் வரும்போது பக்கம் துள்ளுகிறது.

நோய் இரண்டு

துள்ளல் வேறு, திணறல் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பக்கம் முழுவதும் வந்து சேர்ந்த பிறகு துள்ளல் நின்று விட்டால், நோய் இணைப்பிலும் பக்கத்தின் அமைப்பிலும் இருக்கிறது. முழுவதும் வந்த பிறகும் விட்டு விட்டு நகர்ந்தால், போனின் மூளை களைத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தோடு சேர்ந்து வரும் புரோகிராம்களை நடத்துவதிலேயே அது மூழ்கி விடுகிறது. விரல் இழுப்பதைக் கவனிக்க அதற்கு நேரம் இல்லை.

முதல் நோய்க்குப் புது போன் மருந்து அல்ல. இரண்டாவது நோய்க்கு வேகமான இன்டர்நெட் மருந்து அல்ல.

ஒரு சின்னக் கணக்கு

இந்தியாவில் பல போன் திட்டங்களில், அன்றைய டேட்டா தீர்ந்ததும் இணைப்பு அறுந்து போவது இல்லை. வேகம் மட்டும் நொடிக்கு 64 கிலோபிட் என்று குறைந்து விடுகிறது.

8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 64 கிலோபிட் என்பது நொடிக்கு 8 கிலோபைட்தான்.

பக்கத்தின் எடை எவ்வளவு? "எச்.டி.டி.பி. ஆர்கைவ்" என்ற திட்டம் லட்சக்கணக்கான இணையத் தளங்களை எடை போட்டு வருகிறது. அதன் கணக்குப்படி, 2010-ம் ஆண்டின் கடைசியில் கம்ப்யூட்டருக்கான நடுத்தரப் பக்கம் 500 கிலோபைட்டுக்குள் இருந்தது. 2024-ம் ஆண்டில் போனுக்கான நடுத்தரப் பக்கமே 2 மெகாபைட்டைத் தாண்டி விட்டது. அதாவது 2 ஆயிரம் கிலோபைட்டுக்கு மேல்!

2 ஆயிரத்தை 8-ஆல் வகுத்துப் பாருங்கள். 250 நொடி வருகிறது. ஒரே ஒரு பக்கம் வந்து சேர 4 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த 4 நிமிடமும் அது எப்போது வேண்டுமானாலும் துள்ளலாம்.

2023-ம் ஆண்டு ஜனவரி மாதம் 25-ந் தேதி மத்திய சர்க்கார் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நொடிக்கு 2 மெகாபிட்டாவது வேகம் இருந்தால்தான் அதற்கு "பிராட்பேண்ட்" என்று பெயர் என்று அது கூறியது. அதற்கு முன்பு 512 கிலோபிட் இருந்தாலே போதும். 2 மெகாபிட் வேகத்தில் அதே பக்கம் 8 நொடியில் வந்து விடும். 8 நொடி எங்கே, 250 நொடி எங்கே!

காஷ்மீர் கண்ட கஷ்டம்

மெதுவான இணைப்பு என்றால் என்ன என்பதை ஒரு பிரதேசம் முழுவதும் அனுபவித்தது உண்டு.

ஜம்மு-காஷ்மீரில் 2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இன்டர்நெட் நிறுத்தப்பட்டது. காலவரை இல்லாமல் இப்படி நிறுத்தி வைக்கக்கூடாது என்று 2020-ம் ஆண்டு ஜனவரி மாதம் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அந்த மாதமே போன்களுக்கு இணைப்பு திரும்பத் தொடங்கியது. ஆனால் கிடைத்தது பழைய 2ஜி வேகம்தான். பெரும்பாலான மாவட்டங்களில் 4ஜி திரும்பியது 2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம்தான்.

இடையில் கொரோனா வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் போனுக்கு மாறியது. வேகமான ஊர்களுக்கு என்று கட்டப்பட்ட பக்கங்களை, மெதுவான இணைப்பில் பிள்ளைகள் திறக்க வேண்டி வந்தது. இணைப்பு இருந்தும் இல்லாதது போலத்தான் இருந்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. பக்கம் திறந்ததும் எதையும் அழுத்தாதீர்கள். உலாவியின் மேலே ஒரு கோடு ஓடும். அது ஓடி மறையும்வரை பொறுத்திருங்கள்.

2. அதே நேரத்தில் வேறு ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அது ஒழுங்காக நகர்ந்தால், கோளாறு முதல் தளத்தில்தான். போனை நோண்ட வேண்டாம்.

3. திறந்து கிடக்கும் மற்றப் பக்கங்களை மூடுங்கள். பின்னால் ஏதாவது படமோ, ஆப்போ இறங்கிக்கொண்டு இருந்தால் நிறுத்துங்கள். வீடியோ தானாக ஓடும் வசதியையும் நிறுத்துங்கள்.

4. "கேஷை அழித்து விடு" என்று பலர் யோசனை சொல்லுவார்கள். மெதுவான இணைப்பில் அடிக்கடி இதைச் செய்வது தவறு. முன்பு இறங்கிய படங்கள் அதில்தான் சேமித்து வைக்கப்பட்டு இருக்கின்றன. அழித்தால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும்.

5. உலாவியைப் புதுப்பித்து வையுங்கள். மேலே படம் வந்து சேர்ந்தாலும், படிக்கும் வரியைப் பிடித்து நிறுத்தும் வசதி குரோமில் 2017-ம் ஆண்டும், பயர்பாக்சில் 2019-ம் ஆண்டும் வந்தது. பழைய உலாவியில் அது இருக்காது.

6. நீளமான கட்டுரை படிக்க வேண்டுமா? பயர்பாக்ஸ், சபாரி போன்ற உலாவிகளில் "படிக்கும் முறை" இருக்கிறது. விளம்பரங்களை நீக்கி விட்டு எழுத்தையும் முக்கியப் படங்களையும் மட்டும் காட்டும்.

7. ஓபரா மினி என்ற உலாவி, பக்கத்தைத் தன் கம்ப்யூட்டரில் சுருக்கி அனுப்பும். ஆனால் பாங்கு வேலைக்கு அதன் அதிகச் சுருக்க முறை வேண்டாம். பக்கம் நடுவழியில் பிரிக்கப்பட்டு வருகிறது. குரோமில் இருந்த இது போன்ற வசதி 2022-ம் ஆண்டு நிறுத்தப்பட்டு விட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

8. விண்ணப்பம், டிக்கெட், பணம் போன்ற வேலைகளை அன்றைய டேட்டா தீர்வதற்கு முன்பே முடித்து விடுங்கள். சினிமாவும் பாட்டும் பிறகு ஆகட்டும்.

பக்கம் கட்டுகிறவர்களின் கடமை

இவ்வளவும் நோயைத் தாங்கிக்கொள்ளும் வழிதான். நோயை நீக்கும் வழி வேறு இடத்தில் இருக்கிறது.

படத்தின் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதி விட்டால் போதும். உலாவி அந்த இடத்தை முன்பே ஒதுக்கி வைக்கும். குரோமும் பயர்பாக்சும் 2019-ம் ஆண்டின் கடைசியில் இருந்து இப்படிச் செய்கின்றன. பந்தியில் இலை போட்டு வைப்பது போன்ற வேலைதான் இது. செலவு இல்லை.

துள்ளலை அளக்க 2020-ம் ஆண்டு கூகுள் ஓர் அளவுகோல் கொடுத்தது. 0.1 வரை இருந்தால் நல்ல பக்கம். 0.25-ஐத் தாண்டினால் மோசமான பக்கம். ஆகவே, "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது.

தெரிந்தும் பல பக்கங்கள் துள்ளுகின்றன. காரணம் என்ன? கட்டுகிறவர்கள் வேகமான இணைப்பில், நல்ல கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கட்டுகிறார்கள். அவர்கள் திரையில் பக்கம் ஆடுவது இல்லை. வேகத்தை வேண்டும் என்றே குறைத்துச் சோதித்துப் பார்க்கும் வசதி குரோமிலும் பயர்பாக்சிலுமே இருக்கிறது. ஒரு நாள் அதைப் போட்டுப் பார்த்தால் ஜனங்கள் படும் பாடு புரியும்.

ஒரு காலத்தில் விண்ணப்பம் கொடுக்க ஆபீஸ் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றார்கள். இன்று பல வேலைகளுக்கு இணையப் பக்கமே ஜன்னல். அது ஆடாமல் நிற்க வேண்டாமா?

இணைப்பின் வேகத்தைக் கூட்டுவது கம்பெனிகளின் வேலை. பக்கத்தின் பாரத்தைக் குறைப்பது கட்டுகிறவர்களின் வேலை. இரண்டும் நடக்கும்வரை, கோடு ஓடி முடியட்டும் என்று பொறுத்திருந்து பட்டனை அழுத்துவதே குடும்பங்களுக்கு நல்லது.