தைத்து அனுப்பிய தபால்
குவில்ட் எனும் ஒட்டுப்போர்வை தைத்து மிஞ்சிய ஒட்டுத்துணிகளை 4-க்கு 6 அங்குலத்தில் அடுக்கி, நடுவே விறைப்பான கேன்வாஸ் கொடுத்து, ஓரத்தைச் சுற்றி நெருக்கமாக ஜிக்ஜாக் ஓட்டினால் தபால் அட்டை தயார். உறைக்குள் போடாமல் அப்படியே அனுப்புவதில்தான் இதைத் தைக்கும் அமெரிக்கப் பெண்களுக்குப் பெருமை. ஆனால் அந்நாட்டில் அட்டைக் கட்டணத்துக்கு 0.016 அங்குலத் தடிமன்தான் உச்சவரம்பு. அடுக்கித் தைத்த துணி அதில் எப்படி அடங்கும்? கூடுதல் தபால்தலை ஒட்டி, இயந்திரத்தில் விடாமல் கையாலேயே முத்திரை குத்தச் சொல்லி கவுன்டரில் கெஞ்ச வேண்டும். (முத்திரை மை துணியில் ஊறினால் அதுவும் ஒரு வேலைப்பாடுதான்!) இந்த அட்டைகளின் விற்பனையையும் லேசாக எண்ணிவிட முடியாது. துணிக்கலைஞர் வர்ஜீனியா ஸ்பீகல் தொடங்கிய ‘ஃபைபர்ஆர்ட் ஃபார் எ காஸ்’ என்ற நிதி திரட்டும் முயற்சி, இத்தகைய அட்டைகளையும் சிறு துணிக்கலைப் படைப்புகளையும் விற்று, அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தந்தது. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அட்டையைத் தபால்பெட்டியில் போட மனம் வந்ததோ!