"நூல் காசு குடுத்துடறேன் மச்சி"

போன வாரம் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன் கேட்டான். "மச்சி, எனக்கும் ஒரு மஃப்ளர் பின்னிக் குடுடா. ஓசியில எல்லாம் வேணாம், நூல் காசு குடுத்துடறேன்." பயல் பெருந்தன்மையாத்தான் சொன்னான். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரலை.

ஆமாங்க, நான் பின்னுவேன். ரெண்டு ஊசி, ஒரு கம்பளி நூல்கண்டு, அவ்வளவுதான் சமாச்சாரம். குன்னூர்ல வளர்ந்தவனுக்கு இதில ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. அம்மாயி வாசல்ல வெயில் காஞ்சுக்கிட்டே ஸ்வெட்டர் போடுவாங்க. எட்டாவது படிக்கும்போது பக்கத்தில உட்கார்ந்து கத்துக்கிட்டேன். கோயமுத்தூருக்கு பி.காம் படிக்க வந்த பிறகுதான் இது சிரிக்க வேண்டிய விஷயம்னே தெரிஞ்சுது. "பொம்பள வேலைடா அது"ன்னு ஒருத்தன். எனக்கு மாப்பிள்ளை பார்க்கட்டுமான்னு இன்னொருத்தன். சரி, அதை விடுங்க.

சிரிச்ச அத்தனை பேரும் அப்போ போட்டிருந்தது பின்னின துணிதான்! நம்பலைன்னா உங்க டி-ஷர்ட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில வச்சுப் பாருங்க. குட்டிக் குட்டிச் சடை மாதிரி மேலிருந்து கீழே வரிசை வரிசையா ஓடும். உள்பக்கம் திருப்பினா குறுக்கே மேடு மேடா இருக்கும். வேட்டி மாதிரி பாவும் ஊடும் அதில கிடையாது. வளையத்துக்குள்ள வளையமா கோத்துக்கிட்டே போறது. அம்மாயியோட ரெண்டு ஊசியில நடக்கிறதும், திருப்பூர்ல வட்ட மெஷின்ல ஆயிரக்கணக்கான ஊசியில நடக்கிறதும் ஒரே வேலைதான். அங்கே அந்த மெஷினை ஓட்டுறவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க. அதுக்குப் பேரு நிட்டிங், அதுக்குக் கூலி உண்டு. வீட்டுத் திண்ணையில செஞ்சா பேரு பொழுதுபோக்கு.

இத்தனைக்கும் நம்ம பாஷைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தலைமுடியும் பின்னல், கூடையும் பின்னல், கயித்துக்கட்டிலும் பின்னல். கயிறு பிடிச்சு ஆடற கோலாட்டத்துக்குப் பேரே பின்னல் கோலாட்டம். பரீட்சை நல்லா எழுதினா "பின்னிட்டே மச்சி!" பாராட்டறதுக்கு இந்த வார்த்தை வேணும். கூலின்னு வந்தா மட்டும் "சும்மா இருக்கிற நேரத்தில செய்யறதுதானே?"

நமக்குத்தான் காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் இருக்கே, போட்டுப் பார்த்துடலாம்னு உட்கார்ந்தேன். போன தடவை பின்னின மஃப்ளருக்கு 200 கிராம் நூல், 260 ரூபாய். (கம்பளின்னு சொல்றோமே தவிர முக்கால்வாசி அக்ரிலிக்தான்.) நேரத்தை அப்பவே குறிச்சு வச்சிருந்தேன், 17 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய்னு வச்சாலும் 850. பிரைம் காஸ்ட் 1,110 ரூபாய். ஹாஸ்டல் ரூம் கரண்ட் எல்லாம் ஓவர்ஹெட், நம்ம வார்டனுக்காக விட்டுக் குடுத்துடறேன் :-) நண்பன் தர்றேன்னு சொன்ன 'நூல் காசு', டைரக்ட் மெட்டீரியல் மட்டும். டைரக்ட் லேபர்ங்கிற வரியே அவன் தாள்ல இல்லை.

உடனே கேட்பீங்க, கடையில இதைவிட ரொம்பக் கம்மிக்குக் கிடைக்குதேன்னு. நியாயமான கேள்வி. மெஷின் பின்னும்போது கைக்கு மெஷின் விலைதான் கிடைக்கும். இந்தச் சண்டை 1589-லயே ஆரம்பிச்சாச்சு. இங்கிலாந்தில நாட்டிங்காம் பக்கத்தில வில்லியம் லீங்கிறவர் காலுறை பின்னற சட்டகத்தைக் கண்டுபிடிச்சார். கையால பின்னறவங்க பிழைப்பு போயிடும்னு சொல்லி எலிசபெத் ராணி காப்புரிமை தர மறுத்ததா கதை. மஃப்ளர் விஷயத்தில நான் தோத்தாச்சு, ஒத்துக்கறேன்.

ஆனா மெஷினே இல்லாத வேலைக்கு என்ன சொல்றது?

குன்னூர்ல எங்க பக்கத்து வீட்டு அக்கா ஒயர் கூடை போடறாங்க. சிவன் கண், நெல்லிக்காய், என்ன முடிச்சு கேட்டாலும் பார்க்காமலே விரல் ஓடும். ஒவ்வொரு முடிச்சும் கையாலதான். ஒயரை வாங்கிக் குடுத்துட்டு கூடைக்கு 150 ரூபாய் கூலி தர்றாங்க. எத்தனை மணி நேரம் ஆகும்க்கான்னு கேட்டேன். "அதையெல்லாம் யாரு கண்ணு பார்க்கிறா? டிவி பார்த்துக்கிட்டே போடறதுதானே. மூணு நாலு நாளாகும்." செய்யற அவங்களே அந்த வரியை எழுதறதில்லை. அதுதான் எனக்கு உறுத்திச்சு.

குரோஷாவும் அப்படித்தான். ஒத்தை கொக்கி ஊசியில பின்னற அந்த வேலையை அப்படியே செய்யற மெஷின் இன்னும் ஆலைப் பயன்பாட்டுக்குப் பரவலா வரலை. ஆந்திராவில நர்சாபூர் பக்கம் மிஷனரிகள் 19-ஆம் நூற்றாண்டில சொல்லிக் குடுத்தது, பெரிய ஏற்றுமதித் தொழிலாவே வளர்ந்துச்சு. மரியா மீஸ்ங்கிற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே போய் ஆராய்ச்சி பண்ணி 1982-ல ஒரு புத்தகமே எழுதினாங்க. பின்னினது வீட்டுப் பெண்கள், வியாபாரம் பண்ணினது ஆண்கள். அந்தப் பெண்கள் உலகச் சந்தைக்கு உழைச்சாங்க. ஆனா ஊரும் சரி, அவங்களும் சரி, அதை வீட்டுல சும்மா இருக்கிறப்போ செய்யறதாத்தான் நினைச்சாங்க. மெஷின் போட்டியே இல்லாத இடத்திலயும் கூலி அடிமட்டம்னா, காரணம் மெஷின் இல்லை. 'சும்மா இருக்கிற நேரம்'ங்கிற அந்த ஒரு வார்த்தைதான்.

"எல்லாத்துக்கும் காசா? அன்புன்னு ஒண்ணு இல்லையா?"ன்னு என் தங்கச்சி கேட்டா. இருக்கு. எனக்குச் சின்னதாப் போன ஸ்வெட்டரை அம்மாயி பிரிச்சு, நூலை ஆவியில காட்டி சுருக்கம் எடுத்து, புது நூல் கொஞ்சம் சேர்த்துப் பெருசாப் பின்னிக் குடுத்தாங்க. அதுக்கு பில் போட்டா அசிங்கம். ஆனா அது பரிசுன்னு முடிவு பண்ணினது அம்மாயி, நான் இல்லை. வாங்கறவனே அதைப் பரிசுன்னு முடிவு பண்ணிக்கிட்டு நூல் காசை நீட்டறதுதான் எனக்குப் பிடிக்கலை. விலையைக் குறைச்சுப் பேசுங்க, தப்பில்லை. கணக்கில அந்த வரியை எழுதிட்டுப் பேசுங்க.

நண்பன்கிட்ட காஸ்ட் ஷீட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "இதை எக்ஸாம்ல போட்டிருந்தா பாஸாகியிருப்பேடா"ன்னான். கடைசியில 500 ரூபாய், கூடவே ரெண்டு வாரம் என் துணியையும் அவன் துவைக்கிறதுன்னு பேசி முடிச்சோம். 9-ஆம் நம்பர் ஊசியில 32 வரிசை ஆயிருக்கு. இன்னிக்குக் காலையில வந்து, நீலத்துக்குப் பதிலா கறுப்பா மாத்த முடியுமான்னு கேட்கறான்.