கடிகாரம், வரைபடம், தரை

சென்ற மாதம் அடையாறு காந்தி நகரில் நம் சபையார் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். காப்பியைக் கையில் கொடுத்த உடனேயே அந்தத் தாயார், "ஐயா, இவனுக்கு நீங்கள்தான் புத்தி சொல்லவேண்டும். படிப்பு முடிகிற நேரத்தில் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிக்கொண்டிருக்கிறான்" என்று முறையிட்டார். புத்தி சொல்லும் ஆயத்தத்தோடு மகனின் அறைக்குள் நுழைந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது புத்தி பெற்றவன் நானாக இருந்தேன். ஆகையால் இந்த வாரம் அதைப்பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

அவன் ஓட்டிக்கொண்டிருந்தது டிசி-3. 1935ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்த விமானம். நம் நாட்டில் டகோட்டா என்று பெயர்பெற்றது. சிமுலேட்டரில் அதற்கு இருவிதமான விமானி அறைகள் உண்டாம். ஒன்றில் இக்காலத்து ஜிபிஎஸ் திரை இருக்கும். மற்றொன்றில் பழைய முள் கருவிகள் மட்டுமே. அவன் பழையதைத் தெரிந்துகொண்டிருந்தான். விமானம் இருக்கும் இடத்தைக் காட்டும் குறியையும் வரைபடத்திலிருந்து நீக்கியிருந்தான். மேசைமேல் ஒரு காகித வரைபடம், ஓர் அளவுகோல், ஒரு பென்சில், ஒரு கைக்கடிகாரம். பல்லாரியிலிருந்து மீனம்பாக்கம் வரை ஏறத்தாழ 425 கிலோமீட்டர். ஜன்னல் வழியே தரையைப் பார்த்தே வந்து சேரவேண்டும்.

"ஏன் பல்லாரி, தம்பி?" என்று கேட்டேன். "நம் ஊருக்கு முதல் டாட்டா தபால் விமானம் வந்த வழி அது, ஐயா" என்றான்.

உண்மைதான். 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு புஸ் மாத் என்னும் சிறு விமானத்தில் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ரேடியோ இல்லை, வழிகாட்டும் குரல் இல்லை. ஆறும் மலையும் ரயில் பாதையுமே துணை. திசைகாட்டியில் ஒரு பாகை தவறினால் அறுபது மைலுக்கு ஒரு மைல் விலகிப்போவோம் என்பது விமானிகளின் பழைய கணக்கு. அந்தக் கணக்கின்படி, பல்லாரியில் ஐந்து பாகை இடப்பக்கம் தவறிப் புறப்பட்டவர் மீனம்பாக்கத்துக்கு வருவதற்குப் பதிலாக எண்ணூருக்கு வடக்கே கடற்கரையில் நிற்பார். சிறிய தவறு சிறியதாகவே இருந்துவிடுவதில்லை; தூரம் அதை வளர்க்கிறது.

இவ்வாறு பறப்பதற்கு ஒரு முறை உண்டு என்று அந்தத் தம்பி எனக்கு விளக்கினான். முதலில் கடிகாரத்தைப் பார்க்கவேண்டும்: புறப்பட்டு எத்தனை நிமிடம்? பின்பு வரைபடத்தை: இத்தனை நிமிடத்தில் எங்கே இருக்கவேண்டும், அங்கே கீழே என்ன தெரியவேண்டும்? அதற்குப் பின்னரே தரையை நோக்கி, அது தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். கடிகாரம், வரைபடம், தரை என்பதே வரிசை. இதைத் தலைகீழாக்கி, முதலில் தரையைப் பார்த்துவிட்டு அதற்கு ஒத்த இடத்தை வரைபடத்தில் தேடினால், மனம் தனக்கு வேண்டியதைக் கண்டுபிடித்துவிடும் என்றான்.

அப்படிச் சொன்னவனே என் கண்முன் அந்தத் தவற்றைச் செய்தான். கீழே ஒரு பெரிய ஏரி தெரிந்தது. "செம்பரம்பாக்கம் வந்துவிட்டது!" என்று மகிழ்ந்தான். கடிகாரம் ஏழெட்டு நிமிடம் மீதமிருப்பதாகக் காட்டியது. "பின்காற்று தள்ளியிருக்கும்" என்று அதற்கு ஒரு காரணம் சொன்னான். உயரத்தைக் குறைத்தான். சற்று நேரத்தில் ஒரு ரயில் பாதை வந்தது. "இதோ தாம்பரம் பாதை" என்றான். பரங்கிமலையைத் தேடினான், காணவில்லை. மங்கலாக இருக்கிறது என்றான். மூன்றாவது காரணமும் ஆயிற்று.

பிறகு திசைகாட்டியை உற்று நோக்கினான். தாம்பரம் பாதை தென்மேற்காக ஓடவேண்டும். இந்தத் தண்டவாளமோ கிழக்கு மேற்காகக் கிடந்தது. சில நொடி பேசாதிருந்து, "எனக்கு இடம் தெரியவில்லை, ஐயா" என்றான். தான் கண்டது பூண்டி ஏரியாக இருக்கலாம், கடந்தது திருவள்ளூர்ப் பாதையாக இருக்கலாம் என்று வரைபடத்தில் குறித்தான். மறுபடி உயர எழும்பி, பழைய திசையையே பிடித்துக்கொண்டு கடிகாரத்தின்படி காத்திருந்தான். செம்பரம்பாக்கம் தன் நேரத்தில் வந்தது. அதன்பின் பரங்கிமலையும் தெரிந்தது.

பிரியமானவர்களே, அவனைக் காப்பாற்றியது கூரிய பார்வை அன்று. "தெரியவில்லை" என்ற ஒரு சொல். தொண்டை மண்டலத்தில் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. வேண்டும் என்று நினைப்பவனுக்கு எந்த ஏரியும் செம்பரம்பாக்கமாகவே தோன்றும்.

இதை எழுதும்போது என்னையே நான் நியாயந்தீர்க்கவேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூரில் தனியே வாழ்ந்த முதியவர் ஒருவர் ஞாயிறுதோறும் சலவை செய்த வெள்ளைச் சட்டையோடு ஆராதனைக்கு வருவார். "நலமா, ஐயா?" என்பேன். "நலம்" என்பார். அவர் மெலிந்து வருவதைக் கண்டேன்; வயது என்று எண்ணிக்கொண்டேன். அதிகம் பேசாததைக் கண்டேன். அவர் சுபாவம் என்று எண்ணிக்கொண்டேன். கடைசியாக அவர் வீட்டுக்குச் சென்று எட்டு மாதம் ஆயிற்று என்று என் நாட்குறிப்பு சொல்லிக்கொண்டே இருந்தது. நானோ வெள்ளைச் சட்டையையே பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை அயலார் அழைத்துச் சென்றபோது, அவர் சமையலறையில் அடுப்பு மூட்டிய அடையாளமே இல்லை. டீயும் பிஸ்கட்டுமாக நாட்களைக் கழித்திருக்கிறார். பிழைத்தார், அதன்பின் நெடுநாள் நம்மோடு இருந்தார். ஆயினும் நான் கண்டது செம்பரம்பாக்கம் அல்ல என்று எனக்குச் சொன்னது என் கண் அல்ல, பக்கத்து வீட்டாரின் கண். காணாமற்போன ஆட்டின் உவமையை எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! அந்த மேய்ப்பன் மந்தையை எண்ணிப் பார்த்ததனால்தான் ஒன்று குறைந்தது அவனுக்குத் தெரிந்தது. மந்தை அழகாயிருக்கிறதே என்று தூரத்திலிருந்து பார்த்திருந்தால் தெரிந்திராது.

அந்தத் தாயாருடைய கேள்வி நியாயமானது என்பதையும் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் ஜிபிஎஸ் சொல்லும் காலத்தில் இந்தப் பழைய வித்தை எதற்கு? அதுவும் நாற்காலியில் அமர்ந்து? உண்மையான விமானத்தின் குளிரும் பயமும் அங்கே இல்லை. மோதினாலும் எழுந்துபோய்ச் சாப்பிடலாம். படிப்புக்குரிய நேரத்தை அது தின்னுமானால் தவறுதான். அதை அவனிடம் நானும் சொன்னேன், அவனும் ஒத்துக்கொண்டான்.

ஆனாலும் என் கருத்து இதுவே: ஆபத்தின்றி வழிதவறிப் பழக ஓர் இடம் இருப்பது நன்மையானது. நம் பிள்ளைகளுக்கு வழிதவறும் வாய்ப்பையே நாம் கொடுப்பதில்லை. ஆகவே "தெரியவில்லை" என்று சொல்லும் பழக்கமும் அவர்களுக்கு வருவதில்லை. கருவியும் எப்போதும் கைகொடுக்கும் என்பதில்லை. அண்மை ஆண்டுகளில் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில் விமானங்களின் ஜிபிஎஸ் சமிக்ஞை குலைக்கப்பட்டது நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. ஜம்போ ஜெட்டுகளை இயக்கிய நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய ஜே.ஆர்.டி. டாட்டா, 1982ஆம் ஆண்டில், தம் 78ஆவது வயதில், கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அதே வழியில் ஒரு பழைய லெப்பர்ட் மாத் விமானத்தை மறுபடி ஓட்டினார். வசதி இல்லாததனால் அல்ல. மைக்ரோசாஃப்டின் முதல் விமான சிமுலேட்டர் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

நம் ஊரே வழி தேடியவர்களின் நினைவுகளால் நிறைந்தது. மயிலாப்பூரின் லஸ் ஆலயத்தைப் பாருங்கள். கடலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துகீசியர் கரையில் ஓர் ஒளியைக் கண்டு வந்து சேர்ந்து, அந்த நன்றிக்காகக் கட்டியது அது என்பது பாரம்பரியம். அங்குள்ள கல்வெட்டு 1516ஆம் ஆண்டைச் சொல்கிறது. அவர்களும் முதலில் தாங்கள் வழிதவறியதை ஒத்துக்கொண்டிருக்கவேண்டும். அல்லாவிட்டால் ஒளியைத் தேடியிருக்கமாட்டார்கள். பரங்கிமலையின் அடிவாரத்திலோ, 1802 ஏப்ரலில் லாம்டன் ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் பெரும் நில அளவை அந்த ஒரு கோட்டின்மேல் எழும்பிற்று. நிச்சயமாய் அறிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்கினால்தான் மற்றவை நேராகும்.

இந்த வாரம் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். தி. நகருக்கோ அடையாற்றுக்கோ போகும்போது ஒருமுறை செல்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, பனகல் பார்க்கையும் திரு.வி.க. பாலத்தையும் அடையாளமாகக் கொண்டு போங்கள். தவறினால் ஒரு டீக்கடையில் கேளுங்கள். கேட்பது அவமானம் அல்ல.

பின்பு வீட்டில் அமர்ந்து, நலம் என்று நீங்கள் முடிவுகட்டி வைத்திருக்கும் ஒருவரை நினையுங்கள். அவரோடு மனம்விட்டுப் பேசி எத்தனை நாளாயிற்று? அது உங்கள் கடிகாரம். இத்தனை நாளில் அவர் வாழ்வில் என்னென்ன நேர்ந்திருக்கக்கூடும்? அது வரைபடம். அதற்குப் பின் நேரில் சென்று பாருங்கள். அது தரை.

ஜெபத்திலும் "நான் நன்றாயிருக்கிறேன்" என்று தொடங்காமல், "நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை" என்று தொடங்க நமக்கு உரிமை உண்டு. கர்த்தர் உங்களோடிருப்பாராக.