கரம் விளையாடுறவைக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?

ஷோகி எண்டொரு விளையாட்டு இருக்கு. ஜப்பான்காரரின்ர செஸ் எண்டு சுருக்கமாகச் சொல்லலாம். 9க்கு 9 கட்டம், ஆளுக்கு 20 காய். எதிராளியிட்ட இருந்து வெட்டின காயை உங்கட காயாகத் திரும்பவும் பலகையில இறக்கலாம் எண்டதுதான் அதில விசேஷம். ஜப்பானுக்கு வெளியில இதை விளையாடுறவை மிகக் குறைவு. ஆனால் அங்கே இதையே தொழிலாகச் செய்து, வீட்டு வாடகை கட்டி, பிள்ளையளைப் படிப்பிச்சு, வயசு போய் ஓய்வு பெறுகிற ஆட்கள் ஏறத்தாழ 170 பேர் இருக்கினம். கதோ ஹிஃபுமி என்பவர் 1954இல் 14 வயதில் தொழில்முறை ஆட்டக்காரராகி, 2017இல் 77 வயதில்தான் ஓய்வு பெற்றார். எங்கட அரசாங்க உத்தியோகத்திலகூட அவ்வளவு காலம் இருக்கேலாது.

இதைக் கல்கிசையில இருந்துகொண்டு ஏன் எழுதுறம் எண்டால், எங்களிட்டயும் அப்பிடியொரு விளையாட்டு இருக்கு: கரம்.

விளையாட்டைத் தொழிலாக்குறதைப் பற்றிக் கதைச்சால் எங்கட பக்கத்தில உடனே குகேஷின் பேர் வரும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சம்பியன் ஆனவர். அந்த வெற்றிக்கு ஒரு வருசம் முதல், 2023 டிசம்பரில், தமிழ்நாடு அரசின் ஆதரவோட சென்னையில் அவசரமாக ஒரு கிராண்ட்மாஸ்டர் போட்டி நடந்ததையும், கான்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற அது அவருக்கு உதவினதையும் சொல்ல வேணும். நல்ல விஷயம்தான். ஆனால் செஸ் உலகம் முழுக்க விளையாடப்படுறது. காசும் உலகம் முழுக்க இருந்து வருது. "கரமுக்கு அப்பிடி ஒண்டும் இல்லையே, எங்கட ஆக்கள்தானே விளையாடுறது" எண்டு பெரியவை சொல்லேக்க எங்களால மறுத்துக் கதைக்க முடியுறதில்லை.

மறுத்துக் கதைக்கிறதுக்கு ஷோகி உதவும். அதையும் "அவையின்ர ஆக்கள்தான்" விளையாடினம்.

அந்தக் காசு எங்க இருந்து வந்தது? பெரும்பாலும் பத்திரிகையளில இருந்து. பெரிய ஆட்டங்களின் நகர்த்தல்களைப் பத்திரிகைகள் விலை குடுத்து வாங்கி, விளக்கத்தோட நாளாந்தம் அச்சடிச்சன. அடுத்த நகர்த்தலைப் பார்க்கச் சனம் அடுத்த நாள் பேப்பர் வாங்கிச்சு. 1924இல் ஆட்டக்காரரின் சங்கம் உருவாச்சு. இண்டைக்கும் மெய்ஜின் பட்டத்தை அசாஹியும் மைனிச்சியும், ரியூஓ பட்டத்தை யோமியூரியும் நடத்தினம். ரியூஓவை வெல்லுறவருக்கு 4 கோடியே 40 இலட்சம் யென். எங்களைக் கவர்ந்தது அந்தத் தொகை இல்லை. சங்கம் ஆட்டக்காரரை ஐந்து வகுப்பாகப் பிரிச்சு லீக் நடத்துது. கீழ் வகுப்பில தோற்றுக்கொண்டிருக்கிறவருக்கும் ஆட்டத்துக்குக் கூலி உண்டு.

ஃபுஜி சோதா 2021இல், உயர்பாடசாலை முடியச் சில கிழமையள் இருக்கேக்க, படிப்பை விட்டிட்டார். அப்ப வயசு 18, கையில இரண்டு பட்டம். 2023 ஒக்டோபரில் எட்டுப் பட்டங்களும் அவரிட்ட இருந்தன. ஏஎல்லுக்கு ரெண்டு மாசம் இருக்கேக்க வெள்ளவத்தையில ஒரு பிள்ளை இப்பிடிச் சொன்னால் வீட்டில என்ன நடக்கும் எண்டு நாங்கள் எழுதத் தேவையில்லை. அந்த அம்மாவையும் எங்களால குற்றம் சொல்லேலாது. "இதால சோறு கிடைக்குமோ" எண்ட கேள்விக்கு அங்க ஒரு பதில் இருக்கு, இங்க இல்லை.

ஜப்பானைச் சொர்க்கமாக்கவும் விரும்பேல்லை. தொழில்முறைக்கு வர ஷோரெய்காய் எண்ட பயிற்சிக் களத்தைத் தாண்ட வேணும். வழமையாக வருசத்துக்கு நாலு பேர்தான் அதில இருந்து மேல வருவினம். 26 வயசுக்குள்ள நாலாம் தான் தரத்தை எட்டாட்டில் அநேகமாக வெளியில போக வேண்டியதுதான். சிறுவயசில இருந்து வேற ஒண்டும் படிக்காத பெடியனுக்கு அது எவ்வளவு கொடுமை. செகாவா ஷோஜி அப்பிடி 1996இல் வெளியேறி, சாதாரணக் கொம்பனி வேலைக்குப் போய், ஓய்வு நேரத்தில் விளையாடியே தொழில்முறை ஆட்டக்காரரை வென்று காட்டி, விசேஷ தேர்வு ஒன்றின் மூலம் 2005இல் 35 வயதில் உள்ளே வந்தார். பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. பொதுப் பிரிவுக்கான தேர்வில் நிஷியாமா தோமோக்கா 2025 ஜனவரியில் 2–3 எண்டு தோற்றார்.

எங்கட கரமுக்கு வருவம். சர்வதேச கரம் சம்மேளனம் 1988இல் சென்னையில் உருவானது. சென்னையின் மரிய இருதயம் இரண்டு தரம் உலகச் சம்பியன். 1996இல் அர்ஜுனா விருது பெற்றவர். எங்கட நாட்டு நிசாந்த பெர்னாண்டோ 2012இன் உலகச் சம்பியன். 2024 நவம்பரில் அமெரிக்காவில நடந்த உலகக் கோப்பையில் வடசென்னையின் காசிமா, ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள், 17 வயதில் மூன்று தங்கம் வென்றார். தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் குடுத்தது.

குடுக்கத்தான் வேணும். ஆனால் அது வென்ற பிறகு குடுத்த பரிசு. வெல்லுறதுக்கு முதல், தோற்றுக்கொண்டிருக்கிற வருசங்களில கையில வாறதுதான் சம்பளம். எங்களிட்ட அது இல்லை. ஆகக்கூடினது, மேர்கன்டைல் போட்டிக்கு ஆள் தேவைப்படுற கொம்பனி ஒண்டில வேலை கிடைக்கலாம். எங்கட கூட்டத்தில பாடசாலைக் கரம் அணியில இருந்தவை நாலு பேர். நாலு பேரும் ஓஎல் வருசத்தோட நிப்பாட்டினவை. ஆரும் தடுக்கேல்லை, ஆரும் கேக்கவும் இல்லை.

ஒரு நியாயமான மறுப்பு இருக்கு. ஷோகி நகர்த்தலை எழுத்தில எழுதலாம், பேப்பரில போடலாம். கரத்தை எழுதேலாது. கட்டையில பட்டுத் திரும்பி வந்து சிவப்பைத் தள்ளுற அடியை என்னெண்டு எழுதுறது? உண்மைதான். ஆனால் போர்ட்டுக்கு மேல ஒரு போனைக் கட்டித் தொங்கவிட்டால் முழு ஆட்டமும் தெரியும். கரத்தைப்போல சின்னத் திரைக்குப் பொருந்துற விளையாட்டு வேற இருக்கோ தெரியேல்லை. ஷோகியிலயும் பத்திரிகையள் மட்டும் இப்ப காசு போடுறதில்லை. ஏய்ஓ பட்டத்தை முதலில் ஒரு இணையக் கொம்பனி நடத்தியது. அது விலகின பிறகு ஃபுஜியா எண்ட இனிப்புக் கொம்பனி எடுத்தது. எங்கட நாட்டில பிஸ்கட் கொம்பனிக்குப் பஞ்சமே? வொலிபோலுக்குக் குடுத்தவைதானே.

நாங்கள் கேக்கிறது சின்ன அளவில. வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை, கொட்டாஞ்சேனை எண்டு பத்துப் பேர், பெண்களும் ஆண்களும் ஒரே அட்டவணையில. மாசத்துக்கு ரெண்டு ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூலி, தோற்றாலும். ஓஎல், ஏஎல் வருசக்காரருக்குச் சோதனை மாசங்களில விடுப்பு, இடம் பறிபோகாமல். ஒரு பேப்பர் ஞாயிற்றுக்கிழமை முடிவுகளைப் போட்டால் காணும். ராசிபலனுக்குப் பக்கத்தில எண்டாலும் பரவாயில்லை.

காலி வீதியில கடை வைச்சிருக்கிற ஆராவது இதை வாசிச்சால் எங்களோட கதையுங்கோ. போர்ட் இருக்கு, பவுடர் இருக்கு, விளையாட ஆக்களும் இருக்கினம்.