கொள்ளையனுக்குப் பெயர் உண்டு, சுரங்கத் தொழிலாளிக்கு இல்லை

கோலார் தங்கவயல் என்றவுடன் இன்றைய மாணவர்களில் பெரும்பாலோரின் நினைவுக்கு வருபவை 2018-இலும் 2022-இலும் வெளியான இரண்டு கன்னடத் திரைப்படங்கள். மும்பையில் அந்நினைவு இன்னும் ஆழமாகப் பதிந்துள்ளது. அப்படங்களின் நாயகன் பம்பாய் நிழலுலகில் வளர்ந்து, அங்கிருந்து தங்கவயலுக்கு அனுப்பப்படுபவன் அல்லவா? தாராவியிலும் செம்பூரிலும் நெருளிலும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் அவன் பேசும் வசனங்களை ஒப்பிக்கிறார்கள். அந்தச் சுரங்கத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டியவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள் என்பதும், அவர்களுள் பெரும்பான்மையோர் தலித்துகள் என்பதும் அப்பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை.

பிள்ளைகளைக் குறை கூறிப் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஆய்வுலகை நோக்கியது. சட்டத்துக்குப் புறம்பான நாயகனை ‘எதிர் அதிகாரத்தின் உருவகம்’ என்று கொண்டாடும் வாசிப்பு கருத்தரங்குகளில் எளிதாகச் செலாவணியாகிறது. அவ்வாசிப்பு தங்கவயலைப் பொறுத்தவரை வரலாற்று அடிப்படையில் தவறானது. அரசியல் விளைவில் தீங்கானது.

முதலில் காலக்கணக்கைப் பார்க்கலாம். படத்தில் தங்கம் கண்டறியப்படும் ஆண்டு 1951. அதைத் தோண்டுபவர்கள் முகமற்ற அடிமைகள்; வெளியிலிருந்து ஒரு மீட்பர் வரும்வரை அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சொல்லும் இல்லை. உண்மையான தங்கவயலிலோ 1802-இல் நில அளவை அதிகாரி ஜான் வாரன் வந்தபோதே அவ்வூர் மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுத்துக் காட்டினர். வாரனின் குறிப்பைப் படித்த அயர்லாந்துப் படைவீரர் மைக்கேல் லவெல் 1870களில் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் என நான்கு பெருஞ்சுரங்கங்கள் எழுந்தன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் ரீஃப் பிற்காலத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. படத்தின் கதை தொடங்கும் 1951-இல் உண்மையான தொழிலாளிக்கு எழுபது ஆண்டுச் சுரங்க அனுபவமும், வேலைநிறுத்தங்களின் நினைவும், தொழிற்சங்கமும், அச்சுக்கூடமும் இருந்தன. படம் அவனிடமிருந்து பறித்துக்கொண்டது இவை அனைத்தையும்தான்.

‘படம் கற்பனை, வரலாறு என்று அது உரிமை கொண்டாடவில்லையே’ என்பது வழக்கமான மறுமொழி. கற்பனைக்கு உரிமை உண்டு. ஆனால் ஓர் உண்மையான ஊரின் பெயரைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, அவ்வூரின் சயனைடு மண்மேடுகளையே படப்பிடிப்புக் களமாக்கிக்கொண்டு, அவ்வூர் மக்களை மட்டும் கற்பனை என்று கழித்துவிடுவது விசித்திரமான சுதந்திரம். சுரங்கம் உண்மை, மேடு உண்மை, பெயர் உண்மை. தொழிலாளி மட்டும் ஏன் பொய்யாக வேண்டும்?

தங்க நகரத்தைக் கொள்ளையன் வழியாக நினைவுகூரும் பழக்கம் கோலாரில் பிறந்ததன்று. அதன் முந்தைய வடிவத்தைக் காலனிய ஆஸ்திரேலியாவில் காணலாம். 1851-இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. பல்லாரட், பீச்வொர்த் போன்ற ஊர்கள் திடீரென முளைத்தன. தங்கம் ஏற்றிச் சென்ற வண்டிகளை மறித்த வழிப்பறிக்காரர்கள் ‘புஷ்ரேஞ்சர்’ எனப்பட்டனர். புதர்க்காட்டில் திரிபவர்கள் என்பது பொருள். 1862-இல் நியூ சவுத் வேல்ஸில் யூகவ்ரா பாறைகளுக்கருகே ஃபிராங்க் கார்டினரின் கும்பல் தங்க வண்டியைக் கொள்ளையிட்டது. அவ்வகையினரில் மிகப் புகழ்பெற்ற நெட் கெல்லி 1880 நவம்பர் 11 அன்று மெல்போர்னில் தூக்கிலிடப்பட்டான். உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் எனக் கருதப்படும் 1906-ஆம் ஆண்டுப் படம் அவன் கும்பலைப் பற்றியது. இன்றும் அவன் இரும்புக் கவசம் அந்நாட்டின் சின்னம் போல விளங்குகிறது.

கெல்லியின் தடம் பதிந்த அதே வட்டாரத்தில், பக்லேண்ட் ஆற்றங்கரையில், 1857 ஜூலை 4 அன்று வெள்ளையர் கும்பல் சீனச் சுரங்கத் தொழிலாளர்களை அடித்து விரட்டி, கூடாரங்களைக் கொளுத்தி, உடைமைகளைப் பறித்தது. 1861-இல் லாம்பிங் ஃபிளாட்டில் அது மீண்டும் நிகழ்ந்தது. அதற்கு முன்பே, 1855-இல், கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு தலைவரி விதித்தது விக்டோரியா அரசு. அவ்வரியைத் தவிர்க்கப் பலர் தென் ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே வயல்களை அடைந்தனர். பக்லேண்டில் நடந்ததும் கொள்ளைதான். ஆயினும் அதில் பறிகொடுத்தவர்களின் பெயர்களைப் பொது நினைவு போற்றவில்லை. வெள்ளைக் கொள்ளையன் காவியமானான். கொள்ளையிடப்பட்ட சீனத் தொழிலாளி அடிக்குறிப்பானான். கொள்ளையனின் வீரம் என்பது, யாருக்கு முகம் உண்டு, யாருக்கு இல்லை என்ற முன்முடிவின் மேல் கட்டப்படும் கதை. இவ்வொப்பீடு காட்டுவது இதையே.

கோலாரில் அம்முன்முடிவு சட்டமாகவே எழுதப்பட்டது. 1897-ஆம் ஆண்டின் மைசூர்ச் சுரங்கச் சட்டம், பொன் கலந்த பொருளை உரிமையின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. குழியிலிருந்து மேலே வரும் தொழிலாளியின் உடல் சோதிக்கப்பட்டது. அவன் குடியிருந்த லைன்கள் காவலுக்கு உட்பட்டன. வரலாற்றாய்வாளர் ஜானகி நாயர் தங்கவயலின் குற்றம், வேலை, தண்டனை ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவ்வாய்வைப் படிக்கும் எவருக்கும் ஒன்று விளங்கும்: தங்கவயலில் ‘திருடன்’ என்பது ஒரு தனிமனிதனைக் குறிக்கும் சொல்லாக நிற்கவில்லை, ஒரு தொழிலாளர் கூட்டம் முழுவதன் மீதும் சுமத்தப்பட்ட ஐயத்தின் பெயராக இருந்தது.

இங்கே சொற்களின் அரசியல் கவனத்துக்குரியது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அவ்வயலிலிருந்து வெளியேறிய தங்கம் சுமார் 800 டன். அதற்கு வழங்கும் சொல் ‘உற்பத்தி’. அதன் பெரும்பகுதி லண்டன் பங்குதாரர்களின் இலாபத்துக்குச் சேவை செய்தது. அதற்கு வழங்கும் சொல் ‘முதலீடு’. தொழிலாளி தன் மடியில் மறைத்த கல்லுக்கு வழங்கும் சொல் ‘திருட்டு’. மூன்றுமே மண்ணுக்குள்ளிருந்த பொன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதைக் குறிப்பவைதாம். எந்தப் பெயர்வுக்கு எந்த வினைச்சொல் என்பதைத் தீர்மானித்தவர்கள் சட்டம் எழுதியவர்கள். அச்சொல்லாட்சியை ஆய்வேடுகள் அப்படியே கடன் வாங்குவதும், பிறகு ‘கொள்ளையனின் எதிர்ப்பு’ என்று அதையே தலைகீழாக்கிக் கொண்டாடுவதும் ஒரே இலக்கணத்துக்குள் நிகழ்பவை. இரண்டிலும் தொழிலாளி எழுவாயாக வருவதில்லை.

‘சமூகக் கொள்ளையன்’ என்ற எரிக் ஹாப்ஸ்பாமின் கருத்தாக்கம் இங்கே உடனடியாக மேற்கோளாகும். அக்கருத்தாக்கம் உழவர் சமூகத்துக்குரியது. அமைப்பாகத் திரளும் அரசியல் இன்னும் உருப்பெறாத சூழலில் எழும் எதிர்ப்பாகவே அவர் அதைக் கண்டார். அதற்குள்ளும், கொள்ளையர் பலர் நிலவுடைமையாளரின் கையாட்களாகவே இயங்கினர் என்று ஆன்டன் பிளாக் 1972-லேயே மறுத்து எழுதினார். மின்விளக்கும் மின்தூக்கியும் வருகைப் பதிவும் கொண்ட ஒரு தொழில் நகரத்தின் மீது அக்கருத்தாக்கத்தைப் போர்த்துவது, அந்நகரத் தொழிலாளரை அவர்கள் எப்போதோ கடந்துவிட்ட கட்டத்துக்குத் திருப்பி அனுப்புவதாகும்.

அவர்கள் கடந்துவிட்டார்கள் என்பதற்குச் சான்றுகள் உண்டு. தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் முறை கொண்டுவரப்பட்டபோது, 1930-இல் தங்கவயல் முழுவதும் வேலைநிறுத்தம் வெடித்தது. தன்னைக் குற்றவாளியாகக் கருதும் பதிவேட்டில் விரல் பதிக்க மறுத்தவன் அத்தொழிலாளி. அம்மறுப்புக்குத் துப்பாக்கி ஏந்திய நாயகன் எவனும் தலைமை தாங்கவில்லை. 1946-இல் காவலர் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களின் நினைவை அவ்வூர் இன்றும் போற்றுகிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழின் வாசகர்களும் பௌத்தச் சங்கத்தாரும் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இருந்தனர். பண்டிதரின் மறைவுக்குப் பின் ஜி. அப்பாதுரையார் 1926-இல் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை பதிப்பித்தது. பகலும் இரவும் பாறைக்குள் இறங்கியவர்களின் ஊர், சாதி மறுப்புச் சிந்தனையின் பதிப்பகமாகவும் விளங்கியது. அடிமைக் கூட்டம் என்று படம் காட்டும் மக்கள் இவர்களே.

உடல் கொடுத்த விலையும் பதிவாகியிருக்கிறது. 1940க்கும் 1946க்கும் இடையில் கோலாரில் பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளரில் 43.7 விழுக்காட்டினருக்குப் பாறைத்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் இருந்தது. இந்திய மருத்துவ மாணவர்கள் பாடநூலில் மனப்பாடம் செய்யும் எண் இது. மருத்துவம் நினைவில் வைத்திருப்பதைத் திரைப்பட ஆய்வும் பண்பாட்டு ஆய்வும் ஏன் மறந்தன?

பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ 2024-இல் வெளிவந்தபோது ஒரு திருத்தம் நிகழ்ந்தது. வட ஆர்க்காட்டு உழைப்பாளி கதையின் நடுவில் வந்தான். அது சிறிய சாதனையன்று. ஆனால் அதன் காலம் கம்பெனிச் சுரங்கத்துக்கு முந்தையது. அதன் மொழி தொன்மத்தின் மொழி. விளக்கைத் தலையில் கட்டி மின்தூக்கியில் இறங்கியவனும், சங்கச் சந்தா கட்டியவனும், ‘தமிழன்’ படித்தவனும் இன்னும் திரையில் வரவில்லை.

தமிழர் தரப்பும் இவ்விடத்தில் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மும்பைத் தமிழரின் வரலாற்றுக்கும் இதுவே நேர்ந்தது. தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர்கள், துறைமுகத்தில் சுமை தூக்கியவர்கள், மாட்டுங்காவில் எழுத்தர்களாகக் குடியேறியவர்கள், கழிமுகத்தைக் கடந்து நெருள் வரை பரவியவர்கள் என்று நீளும் ஒரு நூற்றாண்டு உழைப்பைத் தமிழ்ப் பொதுநினைவு வரதராஜ முதலியார், ஹாஜி மஸ்தான் என்ற இரு பெயர்களுக்குள் சுருக்கிவிட்டது. 1987-இல் வந்த ‘நாயகன்’ அச்சுருக்கத்துக்குக் காவிய அழகு தந்தது. 1960களின் இறுதியில் தென்னிந்தியர் இந்நகரில் வெறுப்புக்கு இலக்கானபோது அதைத் தாங்கி நின்றவர்கள் அலுவலகத்திலும் ஆலையிலும் கடையிலும் இருந்த எளியவர்கள். அவர்களைப் பற்றி எத்தனை ஆய்வேடுகள் உள்ளன, நிழலுலகத் தலைவர்களைப் பற்றிய படங்களை அலசும் கட்டுரைகள் எத்தனை என்று துறைகள் எண்ணிப் பார்க்கட்டும்.

பம்பாய்க்கும் தங்கவயலுக்கும் உண்மையிலேயே ஓர் உறவு உண்டு. பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தினர் அச்சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளை நிறுவி, 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைக் கண்டனர். உலக அறிவியலில் இடம்பெற்ற நிகழ்வு அது. அந்த ஆழத்தைத் தம் நுரையீரலை விலையாகக் கொடுத்து வெட்டியவர்கள் தங்கவயல் தொழிலாளர்கள். இரு நகரங்களையும் இணைக்கும் கதை வேண்டுமெனில் இது போதாதா?

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் அவ்வூரார் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறார்கள். சயனைடு மண்மேடுகளில் எஞ்சிய பொன்னை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் இசைவளித்தது. பொன்னின் மிச்சத்துக்கு மதிப்பீடு வந்துவிட்டது; மனிதர்களின் மிச்சத்துக்கு வரவில்லை. கடைசியாகக் குழியிறங்கிய தலைமுறை முதுமையில் இருக்கிறது. கர்நாடகத்துக்கு அவர்கள் தமிழர். தமிழ்நாட்டுக்கு அவர்கள் வெளிமாநிலத்தார். இவ்விரண்டு எல்லைகளுக்கிடையே ஒரு வரலாறு நழுவிக்கொண்டிருக்கிறது.

எனவே ஆய்வுலகம் செய்ய வேண்டியவை தெளிவானவை. சாம்பியன் ரீஃப் வெளியீடுகளையும் ‘தமிழன்’ இதழ்த் தொகுதிகளையும் முழுமையாகத் தேடி மின்னுருவாக்க வேண்டும். ஓய்வுபெற்ற தொழிலாளரின் வாய்மொழி வரலாற்றை அவர்கள் பேசும் தமிழிலேயே பதிவு செய்ய வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலச் சுரங்கச் சொற்களும் கலந்த அந்த வழக்கு, பேசுவோருடன் சேர்ந்தே மறைந்துவிடும். மருத்துவமனை, ஊதியம், விபத்து ஆகியவற்றின் பதிவேடுகள் பழைய தாளாக எடைக்குப் போகுமுன் பல்கலைக்கழகங்கள் அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். அடுத்த கருத்தரங்கில் தங்கவயல் பற்றிக் கட்டுரை வாசிப்பவர், நாயகனின் பெயரைச் சொல்லுமுன், அக்குழியில் இறங்கிய ஒருவரின் பெயரையேனும் சொல்ல முடிகிறதா என்று தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும். முடியவில்லை என்றால், கட்டுரைக்கு முன் அவர் செய்ய வேண்டியது பெங்களூரிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயிலேறுவது.