நெசவாளி பிள்ளைக்கு அரை நாள் போதுமா?

விஜயதசமி வந்துவிட்டால் நம் ஜனங்களுக்கு மூன்று வயதுப் பிள்ளையின் படிப்பின்மேல் திடீரென்று அக்கறை பிறந்துவிடுகிறது. தட்டிலே அரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைத்து, தட்சணையும் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். நிற்க, மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை போவதெங்கே? பணமுள்ளவன் பிள்ளை வேன் ஏறித் தனியார் பள்ளியின் எல்.கே.ஜி.க்குப் போகிறது. இல்லாதவன் பிள்ளை தெருவுக்குப் போகிறது. இந்த விஷயத்தில் சரஸ்வதி தலையிட்டதாக இதுவரை தெரியவில்லை.

திருத்தணி மலைப்பக்கத்து அம்மையார்குப்பத்தை எடுத்துக்கொள்ளுவோம். அது நெசவாளிகளின் ஊர். புருஷன் தறியில் உட்கார்ந்தால் பெண்சாதி ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றியாக வேண்டும். சுற்றாவிட்டால் தறி நின்றுவிடும், தறி நின்றால் அடுப்பும் நின்றுவிடும். விசைத்தறி வீடானால் காதைப் பிளக்கும் இரைச்சல் வேறு. நாலு வயதுப் பிள்ளை இதன் நடுவில்தான் பகலெல்லாம் கிடக்கவேண்டும். எல்லைப்புறமாதலால் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு. அப்படிப்பட்ட பிள்ளை ஆறாம் வயதில் முதல் வகுப்பில் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்து விழித்தால், “இதுகளுக்கெல்லாம் படிப்பு ஏறாது” என்று ஜாதியின்மேல் பழி போட நாலுபேர் தயாராயிருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டு வருஷம் முன்னதாகவே படிப்புத் துவங்கிவிட்டது என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள்.

அரை நாள் என்பதன் யோக்கியதை நமக்குத் தெரியாததல்ல. 1953-ல் ஆச்சாரியார் கிராமப் பள்ளியை 3 மணி நேரமாகச் சுருக்கி, மிச்சப் பொழுதில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லி நாட்டைக் கிளப்பினார். 1954-ல் காமராசர் வந்ததும் திட்டம் ஒழிந்தது. ஆனால் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது உண்மையில் ஒழிந்ததா என்று கேட்கிறோம். ராட்டையின் பக்கத்திலேயே வளருகிற பிள்ளைக்குக் குலத்தொழிலைத் தவிர வேறென்ன கண்ணில் படும்?

சட்டத்தைப் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவு 14 வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றது. அடி வயது சொல்லவில்லை. 2002-ம் வருஷத்திய திருத்தம் உரிமையை 6 முதல் 14 வரை என்று வெட்டிவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு ‘முயற்சிக்கும்’ என்ற வார்த்தையை விட்டுவைத்தது. 2009-ம் வருஷத்திய கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவோ 3 வயதுப் பிள்ளைக்கு சர்க்கார் ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறது. செய்யலாம் என்றால் செய்யாமலுமிருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், அதே சட்டப்படி தனியார் பள்ளியின் எல்.கே.ஜி.யில் 25 சதவிகித ஏழைப் பிள்ளைகளுக்கு சர்க்கார் பணம் கட்டவேண்டும். தன் பள்ளியில் வகுப்பு வைக்காமல் பிறத்தியான் பள்ளிக்குக் கூலி கொடுக்கிற கெட்டிக்காரத்தனத்தை எந்த ஊரில் கண்டோம்!

2019 ஜனவரியில் தமிழ்நாட்டு சர்க்கார் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. துவக்கியது நல்ல காரியமே. தமிழ்நாட்டிலுள்ள அங்கன்வாடிகள் ஏறக்குறைய 54,000 என்பதையும் கூடவே நினைக்கவேண்டும். 2022-ல் அதையும் நிறுத்தப்பார்த்து, ஜனங்கள் கூச்சலிட்ட பிறகே தொடர்ந்தார்கள். உத்தரவால் வந்தது உத்தரவால் போகும். சட்டக் கட்டாயம் இருந்தால் அப்படிப் போகாது.

பச்சைப் பிள்ளையை முழு நாள் அடைத்துவைப்பது கொடுமையல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையை அட்டை பிடித்து நெட்டுருப் போடச் சொன்னால் கொடுமைதான். நாம் கேட்பது விளையாட்டு, பாட்டு, வயிறாரச் சோறு, மத்தியானத் தூக்கம், பிள்ளை பேசுகிற பாஷை தெரிந்த பயிற்சி பெற்ற ஓர் உபாத்தியாயர், தாய் வேலை முடிக்கும்வரை திறந்திருக்கிற கதவு. தாய்மடி என்று பேசுகிறவர்கள் அந்த மடியில் ராட்டை இருப்பதைப் பார்த்ததில்லை போலும்.

ஜெர்மனியில் 1837-ல் பிரோபெல் என்பவர் துவக்கியதுதான் இந்தக் குழந்தைப் பள்ளி. 1851-ல் பிரஷ்ய சர்க்கார், அது நாஸ்திகத்தையும் சமதர்மத்தையும் வளர்க்கிறதென்று தடை செய்து, 1860-ல்தான் தடையை நீக்கியது. பிள்ளை யோசிக்கத் துவங்கினால் யாருக்கு நஷ்டமென்று அந்த மந்திரிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆகையால் அடுத்த கிராம சபையில் தோழர்கள், ஒவ்வொரு அரசுத் துவக்கப் பள்ளியிலும் முழு நாள் குழந்தை வகுப்பு கட்டாயமென்று சட்டம் செய்யும்படி தீர்மானம் எழுதிக் கொடுக்கட்டும். கும்பாபிஷேக வசூலைப்பற்றிப் பேச வந்தவர்கள் அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.